கோடு தெரியுதா, பாப்பா?

2021 ஜூலை 9, வெள்ளி

நேற்று ராத்திரி குளிர் நடுக்கம், காய்ச்சல். காலையில் கோப்பித் தூள் டப்பாவைத் திறந்து மூக்கருகே கொண்டுபோனேன். வாசமே இல்லை. அப்போதே தெரிந்துவிட்டது. மத்தியானம் கிளினிக்கில் மூக்கைக் குடைந்து கொரோனா பாசிட்டிவ் என்றார்கள்.

எனக்குத் தடுப்பூசித் தேதி ஆகஸ்ட் 2. இன்னும் மூன்று வாரம் பொறுத்திருக்கக் கூடாதா இந்தக் கிருமி! அப்பாவுக்கு இரண்டு சினோவேக் ஊசியும் ஜூனிலேயே முடிந்தது, அந்த மட்டும் நிம்மதி. அவர் ஹாலில், நான் பின்னறையில். தட்டை வாசலில் வைத்து, கதவை இரண்டு தட்டு தட்டிவிட்டுப் போகிறார்.

மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் ரப்பர் தோட்ட ஆபீஸ் கிராணி (குமாஸ்தா) நான். படித்தது ரத்தமும் நோய் எதிர்ப்பும், எழுதுவது செக்ரோல் என்கிற ஆள் வருகைப் பதிவு. பத்து நாள் அடைந்து கிடக்கப்போகிறேன். படித்ததை என் உடம்பிலேயே சரிபார்த்து எழுதிவைக்கலாம்.

ஜூலை 13, செவ்வாய்

ரத்தத்தில் கொரோனாவுக்கான எதிர்ப்புப் புரதம், அதாவது ஆன்டிபாடி, இருக்கிறதா என்று பார்க்கிற கிட் ஒரு பெட்டி சித்தி எங்கிருந்தோ வாங்கி, கேட்டில் மாட்டிவிட்டுப் போயிருக்கிறார். உள்ளே ஐந்து. எண்பது வெள்ளியாம் (ரிங்கிட்). விரலைக் குத்தி ஒரு சொட்டு ரத்தம் விட்டேன். கிட் வேலை செய்கிறது என்று காட்டும் சி கோடு மட்டும் வந்தது. ஆன்டிபாடியின் இரண்டு வகைக்கான எம், ஜி இரண்டும் வெறுமை. போட்டோவைப் பார்த்ததும் சித்தி போன்: "ஐயோ, உனக்கு எதிர்ப்புச் சக்தியே இல்லையாம்லா!"

காய்ச்சல் வந்து ஐந்தே நாள் ஆகிறது சித்தி, இப்போது கோடு வந்தால்தான் ஆச்சரியம். இந்தக் காய்ச்சலே எதிர்ப்புதான். அது எந்தக் கிருமி வந்தாலும் உடம்பு உடனே செய்கிற பொது வேலை. ஆன்டிபாடி என்பது இந்த ஒரு கிருமிக்கென்றே செய்யப்படுவது. ரத்தத்திலும் நிணநீர்க் கணுக்களிலும் ஆன்டிபாடி செய்யக்கூடிய பி செல்கள் கோடிக்கணக்கில் இருக்கின்றன, ஒவ்வொன்றும் ஒரு வடிவத்தை மட்டும்தான் பிடிக்கும். கொரோனாவுக்குப் பொருந்துவது அதில் வெகு சில. அந்தச் சில செல்கள் கிருமியின் துண்டைச் சந்திக்க வேண்டும், டி செல் என்கிற இன்னொரு வகை எதிர்ப்பு செல்லிடம் 'சரி, போ' என்று அனுமதி வாங்க வேண்டும், அப்புறம் பிரிந்து பிரிந்து பெருக வேண்டும். காலையில் தோட்டத்து ஆட்களைக் கூட்டும் பெரட்டுக் களத்தில் பேர் கூப்பிட்டதும் "ஆள் இருக்கு" என்று குரல் கொடுக்கிற காரியமா இது? ஒரு வாரமாவது பிடிக்கும்.

இத்தனையும் சொன்னேன். சித்தி கடைசியில், "மஞ்சள் பால் குடி" என்றார். குடித்தேன்.

ஜூலை 21, புதன்

நேற்று ஹஜ்ஜுப் பெருநாள், ஊரே சத்தமில்லாமல் கிடந்தது. தனிமை முடிந்துவிட்டது. மாடி ஏறினால்தான் இன்னும் மூச்சு வாங்குகிறது.

பதினான்காம் நாள் என்று இரண்டாவது கிட்டைப் பிரித்தேன். ரத்தம் வெள்ளைப் பட்டையில் இளஞ்சிவப்பாக ஏறிக்கொண்டே போனது. முதலில் சி. ஏழெட்டு நிமிடத்தில் ஜி, நல்ல அழுத்தமாக. எம் வந்ததா இல்லையா என்று ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துச் சாய்த்துப் பார்த்தேன். பென்சிலால் லேசாகக் கிழித்து அழித்த மாதிரி ஒரு கோடு. கதவுக்கு வெளியே இருந்து அப்பா, "கோடு தெரியுதா, பாப்பா?"

முதலில் ஐஜிஎம் (எம் கோடு), ஒரு வாரம் கழித்து ஐஜிஜி (ஜி கோடு) என்றுதான் பாடத்தில் படித்தேன். ஐஜிஎம் ஐந்து ஒய் (Y) எழுத்தைச் சேர்த்துக் கட்டியது போன்றது. பத்துக் கை, ஆனால் பிடி தளர்வு. ஐஜிஜிக்கு இரண்டே கைதான், பிடி இறுகியது. கொரோனாவில் இந்த வரிசை அவ்வளவு ஒழுங்காக இருப்பதில்லை. பலருக்கு இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றாகவே வருகின்றன, சிலருக்கு ஐஜிஜி முந்திக்கொள்கிறது. எனக்கும் அப்படித்தான் போல.

ஆகஸ்ட் 15, ஞாயிறு

நாட்டில் ஒரு நாளைக்கு 20,000 பேருக்கு மேல் தொற்று. ஆபீசில் பாதி நாற்காலி காலி. என் மூக்கு அரைகுறையாகத் திரும்பியிருக்கிறது: பெலாச்சான் (இறால் விழுது) தெரிகிறது, மல்லிகை தெரியவில்லை. இது என்ன நியாயம்!

ரத்தத்தில் ஆன்டிபாடி உச்சத்தில் இருப்பது ஏறத்தாழ இந்த வாரங்களில்தான். நிணநீர்க் கணுக்களுக்குள் நடக்கிற வேலைதான் எனக்குப் பிடித்தது. அங்கே பி செல்கள் தங்கள் மரபணுவில் ஆன்டிபாடிக்கான இடத்தை வேண்டுமென்றே கொஞ்சம் கொஞ்சமாக மாற்றிக்கொள்கின்றன. மாறியதில் இறுக்கமாகப் பிடிப்பது பிழைக்கும், மற்றவை சாகும். மறுபடி மாற்றம், மறுபடி தேர்வு. மாதக்கணக்கில் ஓடும். அப்பாவிடம் இதைச் சொன்னதும், "நர்சரியில கன்னு பொறுக்குற மாதிரி" என்றார். முப்பது வருஷம் பால்மரம், அதாவது ரப்பர் மரம், வெட்டிப் பால் எடுத்தவர். ஆராய்ச்சிக் கழகத்தின் ஆர்ஆர்ஐஎம் 600 ரப்பர் ரகம் எப்படி வந்தது என்று அவருக்கு நான் சொல்லத் தேவையில்லை: நிறைய மரத்தைப் பார்த்து, பால் அதிகம் தருவதை எடுத்து, ஒட்டுக் கட்டிப் பெருக்கியது. ஒரு வித்தியாசம், இங்கே பொறுக்குவதற்கு ஆராய்ச்சிக் கழகம் கிடையாது.

நவம்பர் 6, சனி

தீபாவளி முறுக்கு இன்னும் டின்னில் இருக்கிறது. மாநிலம் தாண்டலாம் என்று விட்டதால் அண்ணன் குடும்பம் ஜொகூரிலிருந்து வந்திருந்தது.

சும்மா இருக்க முடியாமல் மூன்றாவது கிட். எம் போய்விட்டது. ஜி நூல் மாதிரி. அப்பா பதறிவிட்டார்: "தள்ளிப்போட்டு செப்டம்பர்ல ரெண்டு ஃபைசர் ஊசி போட்டியே, அப்புறமும் ஏன் மங்குது?"

பெட்டிக்குள் இருந்த தாளை நான்காம் மாதத்தில்தான் முழுசாகப் படிக்கிறேன். படித்தவள் என்று பேர்! இந்த கிட் பார்ப்பது கிருமியின் உள்ளே இருக்கும் 'N' என்ற புரதத்துக்கான ஆன்டிபாடியை மட்டும். ஃபைசர் ஊசி கற்றுக்கொடுப்பது வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் முள் புரதத்தை. ஊசியால் ஏறியதை இந்தக் கோடு காட்டவே காட்டாது. அப்பா போட்ட சினோவேக் முழுக் கிருமியைச் சாகடித்துச் செய்தது, அவருக்குத் தொற்றே வராவிட்டாலும் இதில் கோடு விழலாம். எண்பது வெள்ளி!

கோடு மங்குவதும் அதிசயமில்லை. சுரந்த ஐஜிஜி ரத்தத்தில் ஏறத்தாழ மூன்று வாரத்தில் பாதியாகிவிடும். ஆரம்பத்தில் அவசரத்துக்குக் குவிந்த செல்கள் செத்துவிடுகின்றன. மிச்சம் சில எலும்பு மஜ்ஜைக்குள் குடியேறி, கொஞ்சம் கொஞ்சமாகச் சுரந்துகொண்டே இருக்கும். செயின்ட் லூயிஸ் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் அலி எல்லெபெடி குழுவினர் லேசான தொற்று வந்த 77 பேரைத் தொடர்ந்து பார்த்தார்கள். முதல் நான்கு மாதம் ஆன்டிபாடி வேகமாக இறங்கியது, அப்புறம் மெதுவாக. 11 மாதம் கழித்தும் இருந்தது. 18 பேரிடம் மஜ்ஜையும் எடுத்துப் பார்த்து, பெரும்பாலானோரிடம் அந்தச் செல்களைக் கண்டார்கள். இந்த வருஷம் மே மாதம் நேச்சர் இதழில் வந்தது.

அதற்கும் முன்னால் கலிபோர்னியாவின் லா ஹோயா ஆய்வகத்தார், முள் புரதத்துக்கான நினைவு பி செல்கள் (ஒருமுறை கண்ட கிருமியை ஞாபகம் வைத்திருப்பவை) முதல் மாதத்தைவிட ஆறாம் மாதத்தில் அதிகம் என்று காட்டியிருந்தார்கள். ஆன்டிபாடி இறங்குகிறது, நினைவு ஏறுகிறது. அப்பாவுக்கு இதை இரண்டு தரம் சொல்ல வேண்டியிருந்தது.

2022 மார்ச் 6, ஞாயிறு

மறுபடி பாசிட்டிவ். ஓமிக்ரான். நாட்டில் ஒரு நாளைக்கு 30,000 தாண்டிவிட்டது, எங்கள் வரிசையிலேயே நான்கு வீடு. முள் புரதம் நிறைய மாறிவிட்டதால் பழைய ஆன்டிபாடி வாசலில் தடுக்க முடியவில்லை. ஆனால் நினைவு செல்கள் முதல் தடவை மாதிரி ஒன்று இரண்டிலிருந்து தொடங்கவில்லை, சில நாளிலேயே சுரக்கத் தொடங்கிவிடும். இரண்டு நாள் தொண்டை எரிச்சல், ஒரு ராத்திரி உடம்பு வலி. கோப்பி வாசம் போகவில்லை.

சித்தி போனில்: "அந்தக் கிட்ல ரெண்டு மிச்சம் இருக்குமே?"

எடுத்துப் பார்த்தேன், ஜனவரியோடு காலாவதி. குப்பையில் போட்டேன். பெட்டி நல்ல கெட்டியாக இருக்கிறது என்று அப்பா எடுத்துக்கொண்டார், நாலு நம்பர் லாட்டரிச் சீட்டு வைக்க.