அடிவயிற்றில் ஒரு வண்டி

"அப்போ இது நடக்குதா சார், நடக்கிற மாதிரி காட்டுதா?"

காட்சிக்காக நாங்கள் செய்த நான்கு கால் ராட்சத இயந்திர உருவத்தின் வயிற்றுக்கு அடியில் சக்கர வண்டி பொருத்தலாம் என்று வரைபடத்தில் கோடு போட்ட அன்று, அணியிலேயே இளையவர் கேட்டது. காட்சிக்கு மூன்று வாரம்தான் இருந்தது. "பாக்கிறவங்களுக்கு வித்தியாசம் தெரியாதுப்பா" என்றேன்.

தப்பாகச் சொல்லிவிடவில்லை. பிரான்சின் நாந்த் நகரில் 2007 முதல் உலவும் 12 மீட்டர் இயந்திர யானை சக்கரத்தில்தான் போகிறது. யோகோஹாமாவில் 2020-இல் நின்ற 18 மீட்டர் கண்டம் (Gundam) ரோபோவை இடுப்பில் ஒரு தாங்கி பிடித்திருந்தது. யாரும் அவற்றைப் பொய் என்று சொல்லவில்லை.

எங்கள் சின்ன மாதிரி அழகாக நடந்தது. ஆனால் உருவத்தை இரண்டு மடங்காக்கினால் எடை எட்டு மடங்காகும். இரும்பின் குறுக்குப் பரப்போ நான்கு மடங்குதான். பெரியது ஒரு காலைத் தூக்கியதும் உடம்பு அந்த மூலைக்கே சாய்ந்து, தூக்கிய பாதம் தரையைத் தேய்த்தது. அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது. பாதி அடியில் அவசர நிறுத்தப் பொத்தானை அழுத்தினால்? கால்களை இயக்கும் எண்ணெயை வால்வு பிடித்துக்கொள்ளும், கால் மடங்காது. ஆனால் எடை மையம் மற்ற மூன்று பாதங்களின் முக்கோணத்துக்குள் இல்லையென்றால் அப்படியே கவிழும். வேலிக்கு அந்தப் பக்கம் குழந்தைகள். எப்படித் துணிவது?

பாதுகாப்புக்காகத்தான் வண்டி வைத்தோம் என்று எல்லோரிடமும் சொல்லிவருகிறேன். ஆனால் அந்த இளையவர் ஒரு வழி சொன்னார்: முதலில் உடம்பை எதிர்ப்பக்கம் நகர்த்துவோம், அது நின்று நிதானித்த பிறகு காலைத் தூக்குவோம். கணக்கும் சரியாகத்தான் வந்தது. ஓர் அடிக்கு அரை நிமிடம் ஆகும், அவ்வளவுதான். "அவ்வளவு மெதுவா போனா யார் நின்னு பாப்பாங்க?" என்று கேட்டது நான்தான். ஜெர்மனியின் ஃபுர்த் இம் வால்டில் 11 டன் இயந்திர டிராகன் தன் நான்கு காலில் நடக்கிறது, அதை மக்கள் நின்று பார்க்கிறார்கள் என்பது எனக்கு அப்போதே தெரியும்.

மூன்று வாரத்தில் அதைச் சோதித்து முடித்திருக்க முடியுமா? முடியாது என்றுதான் இன்றும் நினைக்கிறேன். சில நாள் அப்படித் தோன்றுவதில்லை.

காட்சி நன்றாகவே நடந்தது. பிரித்து எடுக்கும்போது அவர் ஒரு பாதத்தைத் திருப்பிக் காட்டினார். காட்சிக்கு முன் புதிதாக ஒட்டிய ரப்பரில், எந்தக் கால் என்று சாக்பீஸில் நான் எழுதிய எண் அழியாமல் இருந்தது. கட்டைவிரலால் அதைத் துடைத்துவிட்டு, அடுத்த போல்ட்டைக் கழற்றப் போனார்.