எட்டங்குலத்தில் ஏழரை

இந்த ஆண்டு காணும் பொங்கல் சனிக்கிழமையில் வந்தது. அன்று தேவனாம்பட்டினம் கடற்கரையில் கால் வைக்க இடமிருக்காது என்பது கடலூரில் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும் எல்லோரும் அங்கேதான் போவார்கள். என் வீட்டுக்காரர் மட்டும் இந்த முறை, "புதுச்சேரிப் பக்கம் கூட்டமில்லாத கடற்கரையில் கூடாரம் போட்டுத் தங்குவோம்" என்றார். எட்டு வருடத் திருமண வாழ்க்கையில் அவராக முன்வந்து சொன்ன முதல் வெளியூர்ப் பயணம் இது. வெளியூர் 25 கிலோமீட்டருக்குள் இருக்கிறதே என்று குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

அத்தைக்குத்தான் ஒப்பவில்லை. மகன் மீன ராசி, ஏழரைச் சனி நடக்கிறது. இதில் எங்கள் வீட்டில் இரண்டு கட்சி. திருக்கணிதப்படி 2025 மார்ச் 29 அன்றே சனி மீனத்துக்கு வந்துவிட்டார், ஆகவே இது ஜென்மச் சனி என்பது நாத்தனார் கட்சி. திருநள்ளாற்றில் பின்பற்றுவது வாக்கியப் பஞ்சாங்கம், அதன்படி 2026 மார்ச் வரை அவர் கும்பத்தில்தான் இருப்பார், ஆகவே விரயச் சனி என்பது அத்தை கட்சி. கூடாரம் வாங்கிய பில் வீட்டுக்கு வந்த அன்று அத்தை கட்சி வென்றது.

மறுநாள் தை அமாவாசை. விடிவதற்குள் திரும்பி வந்து தர்ப்பணத்துக்கு உட்கார வேண்டும் என்ற நிபந்தனையோடும், ஒரு தூக்குப் புளியோதரையோடும், ஸ்கூட்டரில் எங்கும் அடங்காத ஒரு முழுக் கரும்போடும் எங்களை அனுப்பிவைத்தார்.

சின்ன வீராம்பட்டினம் அருகே ஒரு சவுக்குத் தோப்பில் கூடாரத்துக்கு இடம் கொடுத்தார்கள். என் வீட்டுக்காரர் சர்வேயர். பக்கத்தில் இருந்த பையன்கள் பத்தே நிமிடத்தில் கூடாரம் கட்டிவிட்டு டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். இவரோ நான்கு மூலைக்கும் குறுக்களவு எடுத்து, அடித்த முளையைப் பிடுங்கி, நான்கு விரற்கடை தள்ளி மறுபடி அடித்துக்கொண்டிருந்தார். நடுவில் மூன்றாவது கம்பியைக் காணவில்லை. மணலைக் கிளறினோம், பையைக் கொட்டினோம், பையன்கள்மீது சந்தேகப்பட்டோம். கடைசியில் பார்த்தால், குறி பார்ப்பதற்காக இவரே அதை முப்பது அடி தள்ளி நட்டுவைத்திருக்கிறார்.

தோப்புக் காவலாளி சொல்லித்தான் அந்த வானோக்கு நிலையம் எங்களுக்குத் தெரிந்தது. நிலையம் என்றால் பெரிதாக நினைத்துக்கொள்ள வேண்டாம். ஒரு கட்டடத்தின் மொட்டைமாடி, அதில் எட்டங்குலக் கண்ணாடி வைத்த ஒரு தொலைநோக்கி, விளக்கம் சொல்ல ஒரு கல்லூரி மாணவர். ஜவ்வாது மலையில் காவலூரில் இருக்கும் பெரிய தொலைநோக்கியின் கண்ணாடி 2.3 மீட்டர் அகலம். இது அதற்குக் கொள்ளுப்பேத்தி. ஆனால் யார் வேண்டுமானாலும் மாடியேறிப் பார்க்கலாம், கட்டணமும் இல்லை. கட்டணமில்லை என்றதும் இவர் ஸ்கூட்டர் சாவியை எடுத்துவிட்டார்.

மாடியில் சனிக் கோளைப் பார்க்க முப்பது பேர் வரிசையில் நின்றார்கள். இருட்டுக்குக் கண் பழக இருபது நிமிடமாவது ஆகும், செல்போனை அணைத்துவிடுங்கள் என்று மாணவர் கேட்டுக்கொண்டார். எல்லோரும் அணைத்தார்கள். எங்கள் முறைக்கு நான்கு பேர் இருக்கும்போது மேற்கே ஒரு மேகம் வந்து சனியை மூடியது.

"இந்த ஊரில் வானத்தைப் பார்க்க வந்தவர்களுக்கு இது புதிதில்லை" என்று மாணவர் கதை சொல்ல ஆரம்பித்தார். கியோம் லெ ழான்தி என்ற பிரெஞ்சு வானியலாளர், 1761-இல் சூரியனை வெள்ளி கடக்கும் காட்சியைப் புதுச்சேரியிலிருந்து பார்ப்பதற்காக முந்தைய வருடமே கப்பல் ஏறினார். அவர் வந்து சேர்வதற்குள் ஊரை ஆங்கிலேயர் பிடித்துவிட்டார்கள். ஆடுகிற கப்பலிலிருந்து அளந்து பயனில்லை. எட்டு வருடம் கழித்து மறுபடி நிகழும், அதை விட்டால் நூறு வருடத்துக்குமேல் காத்திருக்க வேண்டும் என்பதால் அவர் ஊர் திரும்பாமல் இந்தப் பக்கத்துக் கடல்களிலேயே சுற்றினார். பிறகு புதுச்சேரிக்கு வந்து, இடிந்து கிடந்த கோட்டைக்குள் ஒரு வானோக்கு நிலையமும் கட்டினார். 1769 ஜூன் 4. அதற்கு முந்தைய மாதம் முழுவதும் காலை வானம் தெளிவாக இருந்தது. அன்று காலை மட்டும் மேகம். எல்லாம் முடிந்த பிறகு வெயில் அடித்தது.

எட்டு வருடம்! ஏழரையைவிட அரை வருடம் கூடுதல் என்று என் மனம் கணக்குப் போட்டது.

மனிதர் 1771-இல் பிரான்சுக்குத் திரும்பினால், அங்கே அவர் இறந்துவிட்டதாக முடிவுகட்டிச் சொந்தக்காரர்கள் சொத்தைப் பங்கு போட்டுக்கொண்டிருந்தார்கள். கூட்டமே உச்சுக்கொட்டியது. என் வீட்டுக்காரர் மட்டும், "இறப்புச் சான்றிதழும் வாரிசுச் சான்றிதழும் இல்லாமல் எப்படித் தம்பி பட்டா மாற்றிக் கொடுத்தார்கள்?" என்று கேட்டார். மாணவர் அதுவரை எல்லாக் கேள்விக்கும் பதில் வைத்திருந்தார்.

மேகம் விலகியது. இவர் முறை வந்தது. குழலில் கண்ணை வைத்தவர் உடனே நிமிர்ந்து, "வளையம் எங்கே?" என்றார்.

வளையம் இப்போது ஏறக்குறைய விளிம்பை மட்டும் நமக்குக் காட்டுகிறதாம். சனி சூரியனை ஒருமுறை சுற்ற 29½ வருடம் ஆகிறது. அதில் இரண்டு தடவை இப்படி நேர்கிறது. 2025 மார்ச்சில் சரியாக விளிம்புக்கு வந்து, இன்னும் மெலிந்தே இருக்கிறது. 1612-இல் கலிலியோவுக்கே இது நேர்ந்து அவர் குழம்பியிருக்கிறார். வளையம் 2,70,000 கிலோமீட்டருக்கு மேல் விரிந்தது, ஆனால் கனம் பெரும்பாலும் சில பத்து மீட்டர்தான் என்று மாணவர் சொன்னார். நான் அந்த 29½ வருடத்தைப் பன்னிரண்டு ராசிக்கு வகுத்துப் பார்த்தேன். ராசிக்கு ஏறத்தாழ இரண்டரை, மூன்று ராசிக்கு ஏழரை. அத்தையின் கணக்கு மொட்டைமாடியில் வந்து நின்றது.

"சனி இப்போது கும்பத்திலா, மீனத்திலா?" என்று இவர் அடுத்த கேள்வியைப் போட்டார். பின்னால் நின்றவர்கள் பெருமூச்சு விட்டார்கள்.

"வானியல் வரைபடப்படி இரண்டுக்கும் எல்லைக்கருகே இருக்கிறது சார்."

"எல்லைத் தகராறு அங்கேயுமா!" என்று இவர் மகிழ்ந்துபோன அந்த நொடியில், அணைக்காத அவருடைய செல்போன் சட்டைப்பையில் பளீரென்று எரிந்து அலறியது. அழைத்தது அத்தை. பதற்றத்தில் இவர் தோள் குழலில் இடித்தது. சனி போய்விட்டது.

"நகருங்கள் சார், நான் பிடித்துத் தருகிறேன்" என்றார் மாணவர்.

"வேண்டாம் தம்பி, இருபது வருடமாகத் தொலைநோக்கியில்தான் எனக்குச் சோறு" என்று இவர் குழலைப் பிடித்துக்கொண்டார். இவர் வேலை செய்யும் கருவியில் உலகம் நேராகத் தெரியும். இதில் தலைகீழாகத் தெரியும். வலப்பக்கம் நகர்த்த வேண்டியதை இடப்பக்கம் நகர்த்தி, மேலே தூக்க வேண்டியதைக் கீழே இறக்கி, ஐந்து நிமிடம் போராடினார். பிறகு, "சனி இல்லை, ஆனால் செவ்வாயைப் பிடித்துவிட்டேன். சிவப்பாக, பெரிதாக!" என்று அறிவித்தார். வரிசை பரபரத்தது. ஒரு குழந்தையைத் தூக்கிக்கூடக் காட்டினார்கள்.

மாணவர் குனிந்து பார்த்தார். "செவ்வாய் இப்போது சூரியனுக்குப் பின்னால் இருக்கிறது சார். இது செல்போன் கோபுரத்து விளக்கு."

அதற்குப் பிறகுதான் நான் பார்த்தேன். திருஷ்டிக்காக லாரி முன்னால் கம்பியில் கோத்துத் தொங்கவிடும் எலுமிச்சம்பழத்தைப் படுக்கையாகத் திருப்பினால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது. மங்கிய மஞ்சளில் ஒரு சின்ன உருண்டை, இரண்டு பக்கமும் மெல்லிய கம்பி. யாரும் தொடாமலே அது மெதுவாக வட்டத்தின் ஓரத்துக்கு நகர்ந்தது. பூமி சுழல்கிறது, அதனால்தான் என்றார் மாணவர். அந்த வெளிச்சம் இங்கே வந்துசேர 80 நிமிடம் ஆகுமாம். அது அங்கிருந்து புறப்பட்டபோது நாங்கள் மூன்றாவது கம்பியைத் தேடிக்கொண்டிருந்திருப்போம். வட்டத்தை விட்டு அது வெளியேறும்வரை நான் கண்ணை எடுக்கவில்லை. கிழக்கே வியாழனையும் அதன் நான்கு பெரிய நிலாக்களையும் காட்டினார்கள். அழகுதான். ஆனால் மனம் எலுமிச்சையிலேயே இருந்தது.

இரவு கூடாரத்துக்குள் நண்டு வந்ததையும், காலை நான்கு மணிக்கு டார்ச் வெளிச்சத்தில் கூடாரத்தை மடித்ததையும், மடித்த கூடாரம் வந்த பைக்குள் திரும்பப் போகாததையும் இங்கே விரிக்கவில்லை. கரும்பு போனபடியே திரும்பி வந்தது.

அத்தை வாசலிலேயே நின்றிருந்தார். "சனீஸ்வரனை நேருக்கு நேர் நின்று பார்க்கக் கூடாது என்று சொல்லத்தான் ராத்திரி போன் செய்தேன். எடுக்கவே இல்லை. நேராக நின்றானா?"

"இல்லை அத்தை. அந்தத் தொலைநோக்கியில் கண் வைக்கும் இடமே பக்கவாட்டில்தான் இருக்கிறது. பக்கத்தில் நின்றுதான் பார்த்தோம். 1668-இல் நியூட்டன் செய்த அமைப்பாம்" என்றேன்.

அத்தை தர்ப்பணத்துக்கு எள்ளை எடுத்துவைத்தபடி, "அவருக்கும் ஏழரை நடந்திருக்கும்" என்றார்.