அந்தப் பச்சை மஸ்டாங்

நேற்று ராத்திரி ஹெட்போன் மாட்டிக்கொண்டு 1968-இல் வந்த ‘புல்லிட்’ படத்தின் துரத்தல் காட்சியை மறுபடியும் பார்த்தேன். சான் பிரான்சிஸ்கோவின் செங்குத்தான தெருக்களில் ஹீரோ ஸ்டீவ் மெக்வீனின் கரும்பச்சை ஃபோர்டு மஸ்டாங் காரும் வில்லன்களின் கறுப்பு டாட்ஜ் சார்ஜர் காரும், கிட்டத்தட்ட 11 நிமிடம். சார்ஜரை ஓட்டுகிறவர் நிதானமாக சீட் பெல்ட்டை இழுத்து மாட்டுவார் பாருங்கள், அங்கேயே எனக்கு வயிற்றைப் பிசைய ஆரம்பித்துவிடும். டயர் கிறீச்சிட்டதும் லாலோ ஷிஃப்ரினின் இசை நின்றுவிடும், அப்புறம் எட்டு சிலிண்டர் கொண்ட இரண்டு வி8 இன்ஜின்களின் உறுமல் மட்டும்தான். மெக்வீன் ஒரு திருப்பத்தைத் தவறவிட்டு, டயர் புகையப் புகைய ரிவர்ஸ் எடுப்பதையும் வெட்டாமல் வைத்திருக்கிறார்கள். எடிட்டிங்குக்கு ஆஸ்கர் கிடைத்தது, கொடுக்க வேண்டிய படத்துக்குத்தான் கொடுத்தார்கள்.

படத்துக்காக இரண்டு மஸ்டாங் வாங்கினார்கள். அதில் ஒன்றை 1974-இல் ஒரு சாதாரணக் குடும்பம் 6,000 டாலருக்கு வாங்கி, தினம் வேலைக்குப் போக வர ஓட்டியிருக்கிறது! 1977-இல் மெக்வீனே கடிதம் எழுதி அதைத் திருப்பிக் கேட்டார், அவர்கள் கொடுக்கவில்லை. எனக்கு இதுதான் ரொம்பப் பிடித்த பகுதி, ஏனென்றால் விற்றிருந்தால் இன்னொரு கை மாறி, பாலிஷ் போட்டு, அடையாளமே போயிருக்கும். 2020 ஜனவரியில் ஃப்ளோரிடா ஏலத்தில் கமிஷனோடு சேர்த்து 37.4 லட்சம் டாலருக்குப் போனபோதுகூட மங்கிய பெயின்ட், துரு எதையும் மறைக்கவில்லை. கேமரா மாட்ட காருக்கு அடியில் வெல்டிங் வைத்த குழாய்கள் அப்படியே இருந்தன.