பத்து அங்குல ஆலிஸ்

1865-இல் வெளிவந்த 'ஆலிஸின் அற்புத உலகம்' இன்றும் கிருஷ்ணகிரிப் பிள்ளைகளைக் கட்டிப்போடுகிறது. ஆலிஸ் விழும் முயல் வளை, ஆழமான கிணறுபோல இறங்கிக்கொண்டே போகிறது. மாந்தோப்புக் கிணற்றை எட்டிப் பார்த்த பிள்ளைக்கு அதை விளக்கவே வேண்டாம். சுவர் முழுக்க அலமாரிகள். விழும்போதே ஒரு ஜாடியை எடுக்கிறாள், உள்ளே ஆரஞ்சு ஜாம் இல்லை, காலி. அந்த ஏமாற்றத்தில் வகுப்பே 'ஐயோ' என்கிறது பாருங்கள், அதுதான் இந்தப் புத்தகத்தின் உயிர்.

வாசிக்கும்போது ஓர் இன்ச் டேப்பும் சாக்பீஸும் வேண்டும். ஆலிஸ் நுழையப் பார்க்கும் சின்னக் கதவு 15 அங்குலம். புட்டியில் இருந்ததைக் குடித்ததும் ஆலிஸ் 10 அங்குலம். இரண்டையும் சுவரில் கோடு போடுங்கள். கேக் தின்றபின் 9 அடிக்கும் மேல். அந்தக் கோட்டுக்கு உங்கள் கை எட்டாது, ஸ்டூல் வேண்டும். 10 அங்குலமாக இருந்தபோதோ கதவின் சாவி கண்ணாடி மேசைமேல்! கோடுகளைப் பார்த்த பிள்ளைக்கு அவள் ஏன் அழுகிறாள் என்பது சட்டென்று புரியும்.

மொத்தம் 12 அத்தியாயம், நாளைக்கு ஒன்று போதும்.

சறுக்குவது பாட்டுகளில்தான். அக்கால ஆங்கிலப் பள்ளிப் பாட்டுகளைக் கோணலாக்கியவை அவை. மூலம் தெரியாதவருக்குச் சிரிப்பு வராது. நேராக மொழிபெயர்க்காதீர்கள். பிள்ளைகளுக்கு மனப்பாடமான ஒரு பாட்டில் நாலு சொல்லை மாற்றிப் பாடுங்கள். எலி சொல்லும் கதையில் 'கதை' (tale), 'வால்' (tail) இரண்டுக்கும் ஆங்கிலத்தில் ஒரே ஓசை. தமிழில் அது நிற்காது. அந்தப் பக்கத்தை அப்படியே காட்டிவிடுங்கள். எழுத்துகள் வளைந்து வளைந்து, சிறுத்து, வாலாகவே இறங்கும்.