வேக்குவம் பம்ப் மாற்றிய பிறகு: ஆட்டோகிளேவுக்குக் கையெழுத்துப் போடுவதற்குள்

எங்கள் மருத்துவமனையின் கிருமிநீக்கப் பிரிவான சிஎஸ்எஸ்டியில், நீராவியால் கருவிகளைக் கிருமிநீக்கும் ஆட்டோகிளேவின் வேக்குவம் பம்பை (சேம்பரிலிருந்து காற்றை உறிஞ்சி எடுப்பது) மாற்றும் வேலை சிக்கலில்லாமல் முடிந்தது. பாடுபட்டது அதற்குப் பிறகுதான். 134 டிகிரி காட்டும் பிரிண்ட்அவுட்டை நீட்டி, "மெஷின் ரெடி, சைன் பண்ணுங்க சிஸ்டர்" என்றார் சர்வீஸ் இன்ஜினியர். அந்தத் தாள் சேம்பர் சூடானதைத்தான் சொல்லும். துணிக்கட்டுக்குள் காற்று தங்கியிருந்தால் நீராவி அங்கே நுழையாது, கிருமியும் சாகாது.

காற்று முழுக்க வெளியேறுகிறதா என்று நிறம் மாறும் ஷீட்டை வைத்துப் பார்க்கும் போவி-டிக் டெஸ்டைக் கேட்டோம். வழக்கமான லோடு சைக்கிளிலேயே ஷீட்டை வைத்து எடுத்தார், முழுக்கக் கறுத்திருந்தது, அதாவது பாஸ். இதை நம்பிவிடாதீர்கள். இந்த டெஸ்டுக்கு 134 டிகிரியில் 3.5 நிமிடம்தான். நேரம் கூடினால் காற்று நின்ற இடமும் மெல்ல நிறம் மாறிக் கோளாறை மறைத்துவிடும். முதலில் ஒரு வார்ம்-அப் சைக்கிள், பிறகு காலி சேம்பரின் கீழ்த்தட்டில், டிரெயினுக்கு நேர் மேலே, அந்த ஷீட் உள்ள ஒரே ஒரு டெஸ்ட் பேக். அப்படி வைத்து எடுத்ததும் ஷீட்டின் நடுவில் உள்ளங்கை அகலத்துக்கு வெளிறிய வட்டம்!

வேக்குவத்தில் வெளிக்காற்று உள்ளே கசிகிறதா என்று பார்க்கும் லீக் டெஸ்டும் தேறவில்லை. நிமிடத்துக்கு 1.3 மில்லிபாருக்கு மேல் அழுத்தம் ஏறினால் ஃபெயில். கதவு கேஸ்கெட்டின் கீழ்மூலையில் மயிரிழை வெடிப்பு. ஸ்பேர் கொண்டுவரவில்லை என்று அவர் கிளம்ப, அன்றைய ஓடி (ஆபரேஷன் தியேட்டர்) லிஸ்ட் தள்ளிப்போனது. இன்ஜினியர் வருமுன்பே ஸ்பேர் கேஸ்கெட்டைக் கேட்டு உறுதிசெய்துகொள்ளுங்கள்.

இதுபோன்ற பெரிய ரிப்பேர் என்றால் காலி சேம்பரில் அடுத்தடுத்து மூன்று ஸ்போர் டெஸ்ட் (உயிருள்ள கிருமி வித்து உள்ள வயலை வைத்து, அது சாகிறதா என்று பார்ப்பது), பின் மூன்று போவி-டிக். ஆறும் தேற வேண்டும். கன்ட்ரோல் வயலுக்கு (ஒப்பிட்டுப் பார்க்க, ஆட்டோகிளேவில் வைக்காத வயல்) ஸ்டோரில் வேறு லாட்டைக் (தயாரிப்புத் தொகுதி) கொடுத்துவிட்டார்கள். அது செல்லாது. டெஸ்ட் வயலும் கன்ட்ரோலும் ஒரே லாட்டாக இருக்க வேண்டும், கன்ட்ரோலில் கிருமி வளரவும் வேண்டும். வளராவிட்டால் டெஸ்ட் வயல் சுத்தமாக இருப்பதற்கு அர்த்தமே இல்லை. "ஒரு செட் மட்டும் விடுங்க" என்று ஓடியிலிருந்து எத்தனை போன் வந்தாலும் ரிசல்ட் வரும்வரை எதையும் விடக்கூடாது. இம்ப்ளான்ட் செட் என்றால் சாதாரண நாளிலும் இதே விதிதான்.

ஆறும் தேறின. கடைசியில் பிரஷர் கேஜின் காலிப்ரேஷன் சான்றிதழைப் பார்த்தால் சீரியல் நம்பர் வேறு. தேதியை மட்டும் பார்த்து ஃபைலில் வைத்துவிடுவது பல இடங்களில் நடக்கிறது. கேஜின் முகப்பிலுள்ள எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள். திருத்திய சான்றிதழ் கைக்கு வந்த பிறகே ரெஜிஸ்டரில் கையெழுத்து விழுந்தது.