நெட், கேட்டுக்குப் படிக்கிறவங்களுக்கு: நைட்ரஜன் நிறைஞ்ச காம்பவுண்ட்ஸை நான் புரிஞ்சுக்கிட்ட விதம்

எம்எஸ்சி கெமிஸ்ட்ரி முடிச்சு சிஎஸ்ஐஆர் நெட்டுக்குப் படிச்சப்ப மெயின் குரூப்ல நைட்ரஜனுக்குன்னு ஒரு லிஸ்ட் போட்டு வச்சிருந்தேன், அசைடு (மூணு நைட்ரஜன் வரிசையா நிக்குறது), ஹைட்ரசின் (ரெண்டு நைட்ரஜன், நாலு ஹைட்ரஜன்), டெட்ராசோல், பென்டாநைட்ரஜன் கேட்டயான் (அஞ்சு நைட்ரஜன் உள்ள பாசிட்டிவ் அயனி)னு ஒவ்வொண்ணுக்கும் ஒரு ஷேப், ஒரு ரியாக்‌ஷன், பக்கத்துல அன்ஸ்டேபிள்னு ஒரு வார்த்தை. அவ்ளோதான் என் படிப்பு. மொத தடவை பார்ட் சி-ல இது சம்பந்தமா வந்ததை எல்லாம் விட்டுட்டு வந்தேன், அந்தப் பார்ட்ல ஒரு கேள்விக்கு 4 மார்க், தப்பானா ஒரு மார்க் போயிரும், பயம்.

அதுக்கப்புறம் கேட் ஸ்கோரை வச்சு ஒரு பிஎச்டி இன்டர்வியூவுக்குப் போனேன். நைட்ரஜன் அதிகமா இருக்குற காம்பவுண்ட்ல அவ்ளோ எனர்ஜி எங்கேருந்து வருதுன்னு ஒரு மேடம் கேட்டாங்க. நைட்ரஜன் நைட்ரஜன் பாண்ட்ல எனர்ஜி இருக்கு மேடம், பாண்ட் உடையுறப்ப அது வெளிய வருதுன்னு சொன்னேன். "பாண்டை உடைக்க நாம எனர்ஜி குடுக்கணுமா, இல்ல அது நமக்குக் குடுக்குமா?"ன்னு கேட்டு சாக்பீஸை என் கையில குடுத்துட்டாங்க. பிளஸ் டூ விஷயம் அது, தப்பா சொல்லிட்டேன்னு அப்பவே தெரிஞ்சிருச்சு.

"நாலு நைட்ரஜன் சேர்ந்து வெள்ளை பாஸ்பரஸ் மாதிரி ஒரு டெட்ராஹெட்ரன் இருக்குன்னு வச்சுக்கோங்க, கணக்கு போடுங்க"ன்னாங்க. ஆறு சிங்கிள் பாண்ட், ஒண்ணு ஒரு மோலுக்கு சுமார் 160 கிலோஜூல், மொத்தம் 960. அதே நாலு அணுவும் ரெண்டு நைட்ரஜன் மூலக்கூறா மாறினா ரெண்டு ட்ரிப்பிள் பாண்ட், ஒண்ணு 945, மொத்தம் 1890. உடைக்க 960 செலவு பண்ணி, புதுசா உருவாகுறப்ப 1890 திரும்பக் கிடைக்குது, மிச்சம் 930 கிலோஜூல் வெளிய வருது. அடுத்து பாஸ்பரஸுக்குப் போடச் சொன்னாங்க, சிங்கிள் சுமார் 200, ஆறுக்கு 1200, ட்ரிப்பிள் சுமார் 490தான், ரெண்டுக்கு 980. கணக்கு அப்படியே தலைகீழா வந்துச்சு. அதனாலதான் பாஸ்பரஸ் நாலு நாலா சேர்ந்து நிக்குது, நைட்ரஜன் ரெண்டு ரெண்டா காத்துல கெடக்குது. இதெல்லாம் சராசரி பாண்ட் எனர்ஜி வச்சுப் போட்ட தோராயக் கணக்குதான், ஆனா விஷயம் மொத்தமும் இந்த அஞ்சு வரியில இருக்கு.

அந்த இன்டர்வியூல எனக்கு சீட் கிடைக்கல. ஆனா வீட்டுக்கு வந்து லிஸ்டை மூடி வச்சுட்டு ஒரு தாள்ல ஆறு நம்பர் மட்டும் எழுதினேன், சிங்கிள், டபுள், ட்ரிப்பிள் பாண்ட் எனர்ஜி அதே வரிசையில. நைட்ரஜன் 160, 418, 945, கார்பன் 347, 614, 839. கார்பனுக்கு மூணு சிங்கிள் சேர்ந்தா 1041, ஒரு ட்ரிப்பிளை விட அதிகம், அதனால அது சங்கிலி சங்கிலியா நீளுது. நைட்ரஜனுக்கு மூணு சிங்கிள் 480தான், ட்ரிப்பிள்ல பாதிக்குக் கொஞ்சம் மேல. அந்த சிங்கிள் பாண்ட் ஏன் இவ்ளோ வீக்குன்னா அணு சின்னது, பக்கத்து பக்கத்துல இருக்குற ரெண்டு நைட்ரஜனோட லோன் பேரும் (பாண்ட்ல சேராத எலக்ட்ரான் ஜோடி) ஒண்ணை ஒண்ணு தள்ளுது, ஆக்சிஜன் ஆக்சிஜன், ஃபுளோரின் ஃபுளோரின் பாண்ட் வீக்கா இருக்குறதுக்கும் இதே காரணம்தான், அதனால மூணையும் சேர்த்தே படிச்சிருங்க.

இதைப் பிடிச்சுக்கிட்டா ஆர்கானிக்ல வர்றதும் தானா விளங்கும். 1890-ல ஹைட்ரசோயிக் அமிலத்தை (அசைடோட ஒரு ஹைட்ரஜன் சேர்ந்தது) முதல்ல தயாரிச்ச கர்ட்டியஸ்தான் நாம படிக்கிற கர்ட்டியஸ் ரீஅரேஞ்ச்மென்ட்டோட கர்ட்டியஸும். அசைல் அசைடுல இருந்து நைட்ரஜன் மூலக்கூறு கெளம்பிப் போகுது, ஐசோசயனேட் வருது, நகர்ற குரூப்போட கான்ஃபிகரேஷன் மாறாது. ஷ்மிட், ஸ்டாடிங்கர்னு அசைடு வச்சு நடக்குற மத்த வினைகள் எல்லாத்துலயும் எங்க நைட்ரஜன் வெளியேறுதுன்னு மொதல்ல பாருங்க, மீதி மெக்கானிசம் அதுக்குப் பின்னாடி வரும். 2022 நோபல் வாங்கின க்ளிக் கெமிஸ்ட்ரி மட்டும் விதிவிலக்கு, அங்க அசைடு நைட்ரஜனை விடாம அல்கைனோட சேர்ந்து ட்ரையசோல் வளையமா மாறிடும்.

ஸ்ட்ரக்சர் கேள்விக்கு அசைடு அயனியை கார்பன் டை ஆக்சைடோட பக்கத்துல வச்சுப் பாருங்க, ரெண்டுலயும் 16 வேலன்ஸ் எலக்ட்ரான், ரெண்டும் நேர்கோடு, அயனியில ரெண்டு பாண்டும் ஒரே நீளம். ஹைட்ரஜன் ஒரு பக்கம் ஒட்டிட்டா நீளம் 1.24, 1.13 ஆங்ஸ்ட்ராம்னு பிரிஞ்சிரும், ஏன்னு ரெசனன்ஸ் வரைஞ்சு பார்த்தா தெரியும். 1999-ல கிறிஸ்டெ குழு கலிஃபோர்னியால பென்டாநைட்ரஜன் கேட்டயானை உப்பா எடுத்தாங்க, அது வி வடிவம், நேர்கோடுன்னு போட்டுறாதீங்க. 2004-ல ஜெர்மனியில மைன்ஸ்ல 110 கிகாபாஸ்கலுக்கு மேல அழுத்தம், 2000 கெல்வின் சூடு குடுத்து நைட்ரஜனையே வைரம் மாதிரி சிங்கிள் பாண்ட் வலையா மாத்தினாங்க. அதை வலையா கட்ட எவ்ளோ கஷ்டப்படணும்னு அந்த நம்பரே சொல்லும்.

இன்னொரு குழப்பம் எனக்கு ரொம்ப நாள் இருந்துச்சு, எனர்ஜி அதிகம்னா உடனே வெடிச்சிரும்னு நெனச்சுக்கிட்டு இருந்தேன். அப்பா தினமும் காலைல போடுற பிபி மாத்திரை லோசார்டன், அட்டைப் பின்னாடி பேரைப் பார்த்துட்டு ஸ்ட்ரக்சரைத் தேடுனா அதுல ஒரு டெட்ராசோல் வளையம், அஞ்சு அணு வளையத்துல நாலு நைட்ரஜன்! சும்மா டெட்ராசோலை மட்டும் எடுத்தா எடையில 80 சதவீதம் நைட்ரஜன். ஆனா அந்த வளையம் அரோமேட்டிக், அதாவது பென்சீன் மாதிரி எலக்ட்ரான் சுத்திப் பரவி நிலையா நிக்குது, உடையணும்னா பெரிய தடையைத் தாண்டணும், மாத்திரையில அதைச் சுத்தி அவ்ளோ கார்பனும் இருக்கு. அந்த வளையத்தோட பிகேஏ (அமிலத் தன்மையோட அளவு) 4.9 பக்கம், அசிட்டிக் அமிலத்துக்கு 4.76, அதனால கார்பாக்சிலிக் அமிலத்துக்குப் பதிலா மருந்துல அதை வைக்கிறாங்க. தெர்மோடைனமிக்ஸ் வேற, கைனட்டிக்ஸ் வேறன்னு எனக்குப் புரிய வச்சது அந்த மாத்திரை அட்டைதான். எங்க ஊர் பணகுடி பக்கம், மாடியில நின்னா மகேந்திரகிரி தெரியும், அங்க இஸ்ரோ டெஸ்ட் பண்ற விகாஸ் ராக்கெட் எஞ்சினுக்கும் ஹைட்ரசின் குடும்பத்து எரிபொருள்தான்னு தெரிஞ்சப்ப அவ்ளோ சந்தோஷமா இருந்துச்சு.

ப்ராஜெக்ட்ல அசைடு தொடப் போறவங்க இதைக் கண்டிப்பா படிங்க. நான் ஒரு ரியாக்‌ஷன் முடிச்சு டைகுளோரோமீத்தேன்ல எக்ஸ்ட்ராக்ட் பண்ணப் போனேன், புனலைத் தூக்கிட்டேன், பக்கத்து பெஞ்ச் அக்கா ஓடி வந்து கையைப் பிடிச்சாங்க. மிச்சம் இருக்குற அசைடு அந்த சால்வென்ட்டோட சேர்ந்து டைஅசிடோமீத்தேன்னு ஆபத்தான ஒண்ணு வரும், எனக்கு யாருமே சொல்லித் தரல. ஆசிட் பக்கம் கொண்டு போகாதீங்க, விஷ வாயு வரும். மெட்டல் ஸ்பாட்டுலா வேண்டாம், சிங்க்ல ஊத்தவே கூடாது, காப்பர், லெட் பைப்புல அதோட உப்பு படிஞ்சா தட்டினாலே வெடிக்கும். ஆர்கானிக் அசைடுன்னா மூலக்கூறுல இருக்குற கார்பன், ஆக்சிஜன் அணு எண்ணிக்கையைக் கூட்டி நைட்ரஜன் எண்ணிக்கையால வகுங்க, 3-க்குக் கீழ வந்தா கைடுகிட்ட கேக்காம தொடாதீங்க. பென்சைல் அசைடுக்கே 2.3தான் வருது.

ரெண்டாவது தடவை நெட்ல எனக்கு ஜேஆர்எஃப் (ஆராய்ச்சிக்கான ஃபெல்லோஷிப்) கிடைச்சுது. பார்ட் சி-ல 60-ல 25 எழுதினா போதும், அதனால எல்லாத்தையும் படிக்கணும்னு ஓடாதீங்க. இன்னைக்கு ராத்திரி ஒரே ஒரு கணக்கு மட்டும் போட்டுப் பாருங்க, பென்சீன் மாதிரி ஆறு நைட்ரஜன் வளையம், மூணு சிங்கிள் மூணு டபுள், அதை மூணு நைட்ரஜன் மூலக்கூறோட ஒப்பிடுங்க, அப்புறம் பென்சீனை மூணு அசிட்டிலினோட ஒப்பிடுங்க. மேல இருக்குற ஆறு நம்பரே போதும், விடை 1101-ம் 366-ம், எதுக்கு எந்தக் குறின்னு நீங்களே சொல்லுங்க.