‘காக’ எல்லாம் ‘ஃபார்’ ஆகாது

குற்றச் செய்தியைத் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்குக் கொண்டுபோகும் மேசையில் சிவப்பு மை அதிகம் செலவாவது ஆஃப், வித், ஃபார் போன்ற பொடிச் சொற்களுக்குத்தான். தமிழில் அந்த வேலையை வேற்றுமை உருபு பார்த்துக்கொள்கிறது. உருபுக்கு உருபு மாற்றிப் போட்டால் வம்பு.

‘ஜாமீனில் வந்தார்’ என்பதிலுள்ள ‘இல்’லை நம்பி ‘இன் பெயில்’ என்று எழுதிவிடுகிறார்கள். அது ‘ஆன் பெயில்’. ‘காவலில்’ மட்டும் ‘இன் கஸ்டடி’ என்று ஒத்துப்போய், தப்பான தைரியத்தைக் கொடுத்துவிடுகிறது. ‘அவர் மீது வழக்கு’ என்றால் ‘அகெய்ன்ஸ்ட் ஹிம்’. ‘ஆன் ஹிம்’ இல்லை.

பெருந்தொல்லை ‘ஃபார்’. ‘சஸ்பெக்டட் ஃபார் தெஃப்ட்’, ‘அக்யூஸ்டு ஃபார் மர்டர்’ இரண்டும் தவறு, இரண்டுக்கும் ‘ஆஃப்’. ஒருவரைக் குற்றத்தோடு முடிச்சுப்போடுகிற, அந்த முடிச்சை அவிழ்க்கிற சொற்கள் பெரும்பாலும் ஆஃப் கேட்கும்: கன்விக்டட் ஆஃப், அக்விட்டட் ஆஃப், கில்ட்டி ஆஃப். பின்னால் வினை வந்தால் ‘ஆஃப் ஸ்டீலிங்’. ‘ஆஃப் டு ஸ்டீல்’ கிடையாது.

முரண்டு பிடிப்பது ‘சார்ஜ்டு’. அதற்கு ‘வித்’ வேண்டும். ‘சார்ஜ்டு ஃபார் மர்டர்’ என்று போட்டால் கொலைக்குக் கட்டணம் வசூலித்த மாதிரி ஒலிக்கும். அதே சொல் பெயர்ச்சொல்லானால் ஆஃப் திரும்பிவிடும்: ‘ஆன் எ சார்ஜ் ஆஃப் மர்டர்’. சஸ்பெக்ட் பெயர்ச்சொல்லானால் ‘எ சஸ்பெக்ட் இன் தி ராபரி’. ‘சஸ்பிஷியஸ் ஆஃப்’ என்றாலோ ஆளே மாறிவிடுவார்: சந்தேகப்படுகிறவர் அவர்தான்! குற்றத்தை ஒப்புக்கொள்வதற்கு ‘டு’: கன்ஃபெஸ்டு டு, ப்ளீடட் கில்ட்டி டு.

தேடுதல், விசாரணை, தண்டனை இவற்றுக்கு ஃபார் சரி: வான்டட் ஃபார், ட்ரைடு ஃபார், ஃபைன்டு ஃபார். ‘அரெஸ்டட் ஃபார்’ கூட இலக்கணப்படி சரிதான். ஆனால் ‘அரெஸ்டட் ஃபார் கில்லிங் ஹிஸ் வைஃப்’ என்ற வரியைப் படித்துப் பாருங்கள்: கொன்றுவிட்டான், அதனால் பிடித்தார்கள். நீதிமன்றம் சொல்ல வேண்டியதை ஓர் உருபு சொல்லிவிட்டது. அசோசியேட்டட் பிரஸ் செய்தி நிறுவனத்தின் நடைக் கையேடான ஏபி ஸ்டைல்புக் இதனால்தான் அதைத் தவிர்த்து ‘அரெஸ்டட் ஆன் எ சார்ஜ் ஆஃப்’ என்று எழுதச் சொல்கிறது. குற்றச்சாட்டு இன்னும் பதிவாகாத நிலையில் ‘ஆன் சஸ்பிஷன் ஆஃப்’ பொருந்தும்; நம் ‘சந்தேகத்தின் பேரில்’ அதற்கு அச்சாக உட்காரும், இந்த ஒரு இடத்தில் தமிழ் கைகொடுக்கிறது.

நிருபர் ‘கொலை வழக்கில் கைது’ என்று மட்டும் அனுப்பியிருந்தால், குற்றச்சாட்டு பதிவாகிவிட்டதா என்று அவரிடம் கேட்காமல் ‘சார்ஜ்டு வித்’ போட வேண்டாம். பதில் வரும்வரை ‘அரெஸ்டட் இன் கனெக்ஷன் வித்’ போதும்.